செல்ஃப் எடுக்காத வண்டி

டக். அவ்வளவுதான். சாவியை விட்டுவிட்டுப் பத்து வரை எண்ணி மறுபடியும் திருப்புகிறேன். டக். பானட்டுக்கு அடியிலிருந்து யாரோ என்னைப் பார்த்து 'ச்சு' கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. காலையில் ஏழு மணிக்கு முதல் திருப்பிலேயே எடுத்த வண்டி. பத்து நிமிடம் ஓடவிட்டு, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, எனக்கு நானே தலையாட்டிக்கொண்டு அணைத்த வண்டி. இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. நாலு மணிக்கு டிரைவர் சகாயம் வருவார். ஐந்து மணிக்கு வண்டி பிள்ளையார் கோயில் வாசலில் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. யாரோ ஊரான் வீட்டு மாப்பிள்ளை இல்லை, என் மாப்பிள்ளை, என் மகள் மித்ராவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அவனை இந்த வண்டியில் உட்கார வைத்து, மேளத்தோடு மண்டபத்துக்குக் கூட்டிப்போவார்கள். என்னை யாரும் கூட்டிப்போகப் போவதில்லை. வண்டியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அறுபத்திரண்டாம் வருடத்து ஹெரால்டு, கூரையை மடக்கிவிட்டால் திறந்த கார், திருச்சியில் இப்போது இந்த மாதிரி ஓடுகிற வண்டி இரண்டோ மூன்றோதான் இருக்கும். அப்பன்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். டக். சரி, சாவியோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை, முறையாகப் பார்ப்போம். மின்சார இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டினவன் நான், முறை என்று ஒன்று எனக்குத் தெரியும். விளக்கைப் போட்டேன். ஷெட்டின் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டம் பளிச்சென்று விழுந்தது. விளக்கு எரியும்போதே சாவியைத் திருப்பினேன். டக். வட்டம் மங்கவே இல்லை. பேட்டரி செத்திருந்தால் விளக்கு அழுது வடியும். ஆக பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. ஹாரனும் அடிக்கிறது, எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்க்கும் அளவுக்கு அடிக்கிறது. எல்லாம் இருக்கிறது, கிளம்பத்தான் மாட்டேன் என்கிறது. என் ராசி.

இந்த வண்டியின் முன்பக்கம் முழுதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து அப்படியே சாயும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மித்ரா சின்னவளாக இருந்தபோது எதிர்ச் சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்கிற ஸ்பேனரைத் தவிர மற்ற எல்லா ஸ்பேனரையும் எடுத்துக் கொடுப்பாள். அது போகட்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் வந்தாள். கேட்டுக்கு உள்ளே வந்தாள், வீட்டுக்கு உள்ளே வரவில்லை. பத்திரிகையைக் கொடுத்தாள். பத்திரிகையில் அவள் அம்மா விசாலாட்சி பெயர் இருக்கிறது, விசாலாட்சியின் அண்ணன் சிதம்பரநாதன் பெயர் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தடித்த எழுத்தில் இருக்கிறது. நான் எங்கே என்று தேடினேன். 'வை. சங்கமித்ரா' என்று இருந்தது. அந்த 'வை' நான். வைத்தியலிங்கம் என்கிற மனிதனில் மிச்சம் வைத்தது அந்த ஒரு எழுத்து, அதையும் நாளை முகூர்த்தம் முடிந்ததும் எடுத்துவிட்டு மாப்பிள்ளையின் எழுத்தைப் போட்டுக்கொள்வாள். நான் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டிய அனுப்புறீங்களா?" என்றாள். நம்ம வண்டி. உங்க வண்டி என்று சொல்லவில்லை. "ஓடுதா இன்னும்?" என்று அடுத்து கேட்டாள். "ஜம்முன்னு ஓடுது" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எடுக்கலன்னா பரவால்லப்பா, முன்னாடியே சொல்லிடுங்க, என்ன?" என்றாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. சீட்டைத் தட்டி, கூரைத் துணியை மாற்றி, உடம்பு முழுக்க சந்தன நிறம் அடித்து, அடியில் இருக்கிற சேஸ் சட்டத்தை உரித்துக் கறுப்பு பெயிண்ட் பூசி. சீட்டை மட்டும் மாற்றவில்லை. சீட்டு பழைய சீட்டுதான். அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும்? சாவியைத் திருப்பினால் சத்தம் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை. அதைப் பார்.

டக் என்கிறது செலனாய்டு. சாவியிலிருந்து வருகிற சின்னக் கரண்டை வாங்கி, செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற பெட்டி அது, அவ்வளவுதான் அதன் உத்தியோகம். டக் என்றால் அது உயிரோடு இருக்கிறது. உள்ளே செம்பு தேய்ந்துபோயிருந்தால் சத்தம் மட்டும் வரும், கரண்டு போகாது. எங்கள் ஆபீசில் அந்த மாதிரி ஆட்கள் நிறைய. செலனாய்டின் முதுகில் ஒரு ரப்பர் பட்டன் இருக்கிறது, கையாலேயே அமுக்கலாம். அமுக்கினேன். டக். பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே வைத்தேன். இது செய்யக்கூடாத வேலை, தெரிந்தேதான் செய்கிறேன். நல்ல மோட்டாராக இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையில் நெருப்புக் கொட்ட வேண்டும், மோட்டார் உறுமிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒரு சின்னப் பொறி வந்தது. அதோடு சரி. ஆக செலனாய்டு மேல் குற்றமில்லை. அடுத்தது மோட்டார். மோட்டாரின் பல் எஞ்சின் சக்கரத்தின் பல்லில் போய் மாட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது கியரில் போட்டு, பின்னாலிருந்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். அறுபத்து மூன்று வயதில் வெயிலில் வண்டியை ஆட்டுகிறவனைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் மாடியில் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டாள். "என்ன சார், மக கல்யாணத்துக்குப் போகலியா?" என்று கேட்டாள். "போகணும், போகணும்" என்றேன். ஊருக்கே தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறாள். ஏன் சார் தள்ளி ஸ்டார்ட் பண்ணி அனுப்ப வேண்டியதுதானே என்று அடுத்தது கேட்பாள். அனுப்பலாம். கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். மேளக்காரர் நின்றால் வண்டி நிற்கும், வெடி போட்டால் நிற்கும், ஆரத்திக்கு நிற்கும். நடந்து போகிற வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் சூடாகும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அணைத்து அணைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை எடுக்கவில்லை என்றால் போதும், மாலையோடு உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையைப் பத்துப் பேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவார்கள், மாப்பிள்ளை வீட்டார் இருபது வருடத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள், சிதம்பரநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, 'நான் அப்பவே சொன்னேன்' என்பார். அவர் எதையும் அப்போதே சொல்லியிருப்பார். அவர் ஒரு காரியத்தை அப்போதே சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வகுப்பில் ஆண்டு விழா. மித்ரா நாரதர் வேஷம். சிதம்பரநாதன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், தம்பூரா அவர் வாங்கிக் கொடுத்தது, பட்டு வேட்டி அவர் வாங்கிக் கொடுத்தது, நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். சட்டை கூட மாட்டிக்கொண்டேன். அப்புறம் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, "வண்டி செல்ஃப் எடுக்கல, நீங்க போங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. பொய் என்றால் தொண்டை அடைக்கும், வியர்க்கும் என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்றும் ஆகவில்லை. பழைய வண்டிக்காரனுக்கு இது ஒரு வசதி, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பாவம் சார் என்பார்கள். அப்புறம் அது வாயில் ஒட்டிக்கொண்டது. விசாலத்தின் தங்கை வளைகாப்பு, செல்ஃப் எடுக்கவில்லை. மாமனார் அறுபதாம் கல்யாணம், செல்ஃப் எடுக்கவில்லை. பிரிந்த பிறகு மித்ராவின் மஞ்சள் நீராட்டுக்குப் போனில் கூப்பிட்டாள், அவளே கூப்பிட்டாள், பதிமூன்று வயதுக் குரலில், "அப்பா நீங்க வருவீங்கல்ல?" என்று. அன்றைக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வருவார், தட்டுத் தட்டாக, மேளத்தோடு, அன்றைக்கு முழுக்க அவர்தான் ராஜா. அப்பன் ஓரமாக நின்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், அதுவும் ஓடிப்போன பெண்டாட்டி வீட்டில். ஓடிப்போனவள் இல்லை, சரி, நான்தான் போக வைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, பதினோரு மணிக்குப் போன் பண்ணி, செல்ஃப் எடுக்கவில்லை என்றேன். அவள் "சரிப்பா" என்றாள். அழுதிருந்தால் போயிருப்பேன். குடும்ப நீதிமன்றத்தில் விசாலம் என் மேல் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, குடிக்கிறான், அடிக்கிறான், ஒன்றுமில்லை. "இவருக்கு எங்களுக்குன்னா மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்க ஐயா" என்றாள். நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது என்பதுதான் கேவலம். இப்போது, இன்றைக்கு, முதல் முறையாக நிஜமாகவே எடுக்கவில்லை, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? போனை எடுத்து அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை கிடையாது. சத்தியமாக எடுக்கலம்மா என்று சொல்லலாம். சத்தியமும் பண்ணியிருக்கிறேன், முன்னாலேயே.

கழற்றுவோம். பேட்டரி ஒயரை முதலில் எடுத்தேன், மோட்டார் ஒயரைப் பிரித்தேன், இரண்டு போல்ட். மேல் போல்ட் சுலபமாக வந்துவிட்டது, கீழ் போல்ட்டுக்கு மல்லாந்து படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்ட வேண்டும், பார்க்க முடியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். முழங்கையில் தோல் உரிந்தது. முழங்கை. இல்லை, அது வேண்டாம். புது பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறுகிறது, கூடவே வேறு ஏதோ தீய்ந்த வாசனை, பக்கத்து வீட்டில் எதையோ அடுப்பில் விட்டிருப்பார்கள். மோட்டார் கைக்கு வந்தபோது மணி இரண்டேகால். கருங்கல் மாதிரி கனம். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடவில்லை, பசியும் இல்லை. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை காயில் வெந்திருக்க வேண்டும், எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த ஊரில் ஒரு கடை திறந்திருக்காது. பேட்டரியைத் தரையில் இறக்கி, மோட்டாரைக் காலால் மிதித்துக்கொண்டு, ஜம்ப் ஒயரை நேராக அதன் உடம்பில் ஒரு முனை, தலையில் ஒரு முனை வைத்தேன். விர்ரென்று எகிறிச் செருப்பைத் தட்டிவிட்டு உருண்டது. ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி. மறுபடி வைத்தேன், மறுபடி எகிறியது. ஒரு குறையும் இல்லை. மோட்டார் புத்தம் புதிதாக இருக்கிறது, செலனாய்டு நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, எல்லாரும் நல்லவர்கள், ஆனால் சேர்த்து வைத்தால் வேலை நடக்க மாட்டேன் என்கிறது. எங்கள் கல்யாணத்தைப் பற்றி ஊரார் இதைத்தான் சொன்னார்கள். சிரிப்பு வந்தது, தனியாகச் சிரிக்கிறவனை எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிடப் போகிறாள் என்று அடக்கிக்கொண்டேன்.

திரும்ப மாட்டினேன். கீழ் போல்ட் மூன்று தடவை கை நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாம் தடவை எடுக்கக் குனிந்தபோது கண்ணெதிரே சீட்டின் ஓரம். வெண்ணெய் நிற ரெக்சின், ஓரத்தில் சிவப்புக் கயிறு வைத்துத் தைத்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் தைத்தது. சரி, நினைத்துத்தான் தொலைவோமே, எத்தனை தடவை சுற்றிக்கொண்டு போவது. ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது, பிள்ளை படிக்கட்டில் விழுந்துவிட்டது, முழங்கை கிழிந்து ரத்தம் நிற்கவில்லை, கையும் உடைந்திருக்கும்போல, வண்டி எடுத்துக்கொண்டு உடனே வாங்க சார் என்று. பத்து நிமிட தூரம். வண்டி ஆபீஸ் வாசலில் நின்றது. முந்தின நாள்தான் சீட்டு தைத்து வந்திருந்தது. ஓடி வந்து கதவைத் திறந்தேன், சாவியைப் போட்டேன், அந்த வெண்ணெய் நிறத்தைப் பார்த்தேன். ரத்தம் நிற்கவில்லை என்று சொன்னார்கள். ரெக்சின்தான், துடைத்தால் போய்விடும், தையலில் இறங்கினால் போகாது. இதையெல்லாம் யோசித்தேனா? யோசித்தேன். எவ்வளவு நேரம்? கதவைத் திறந்து மூடுகிற நேரம். திரும்ப உள்ளே போய் விசாலத்துக்குப் போன் போட்டு, செல்ஃப் எடுக்கல, நீ ஆட்டோ புடிச்சிப் போயிடு, நான் பின்னாடியே வர்றேன் என்றேன். பின்னாடியே போனேன். வண்டியில்தான் போனேன், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனேன், வியர்க்க விறுவிறுக்க, பஸ்ஸில் வந்தவன் மாதிரி. கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். "அப்பா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டாள். வலியில் உதடு வெளுத்திருந்தது, அதிலும் வண்டிக்காகக் கவலைப்பட்டாள். மறுநாள் ஆபீஸ் வாட்ச்மேன், நல்ல மனுஷன், பிள்ளையை விசாரிக்க வீட்டுக்கு வந்தவன், "சார் பதறிப்போய் கார் எடுத்துக்கிட்டு ஓடினாருங்கம்மா" என்று விசாலத்திடம் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனான். விசாலம் ஷெட்டுக்குப் போய்ச் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மாதமே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மித்ராவிடம் சொன்னாளா? சொல்லியிருப்பாள். சொல்லாமலா இருப்பாள்? சொல்லாமல் இருந்திருந்தால் மித்ரா 'நம்ம வண்டி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தும் 'நம்ம வண்டி' என்று சொன்னாளா? இந்தக் கேள்வியிலேயே மூன்று வாரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பல் பிடிக்காமல்.

பேட்டரியை ஏற்றி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். டக். கோபத்தில் சாவியை விடவே இல்லை, திருப்பியபடியே பிடித்துக்கொண்டிருந்தேன், டக் டக் டக், எடுடா, எடேன்டா, ஒரு தடவை, இன்னைக்கு ஒரு தடவை எடு, அப்புறம் உன்னைக் காயலான் கடையில் போடுகிறேன். அந்தத் தீய்ந்த வாசனை மறுபடியும் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இல்லை, என் முழங்காலுக்கு முன்னாலிருந்து. சோக் குமிழைத் தொட்டேன், சுரீரென்றது, கையை உதறினேன். குமிழின் பின்னாலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஒயர் கொதித்துப்போய்க் கிடந்தது. சோக் ஒயரில் எங்கேயிருந்து சூடு? அது வெறும் இரும்புக் கம்பி, இழுத்து விடுகிற கம்பி, அதில் கரண்டுக்கு வேலையே இல்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மண்டையில் ஏறியது. மோட்டாருக்குப் போன கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். எஞ்சினிலிருந்து சேஸுக்கு ஒரு தடித்த எர்த் பட்டை உண்டு, அதன் வழியாக வர வேண்டும். அந்த வழி அடைத்துவிட்டதால், கிடைத்த சந்தில், பாவம், சோக் கம்பி வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. அவ்வளவு பெரிய கரண்டு இவ்வளவு மெல்லிய கம்பியில் எப்படி வரும்? எர்த். முப்பத்திரண்டு வருடம் பச்சை மையில் 'எர்த் சரிபார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். சப்ளை போனால் லைன்மேனிடம் முதலில் நான் கேட்கிற கேள்வி, கடைசியா யாருய்யா கை வச்சது? கடைசியாகக் கை வைத்தது யார்? நான். காலையில், வண்டி ஜம்மென்று எடுத்து அணைத்த பிறகு, பானட்டைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எர்த் பட்டை சேஸோடு சேருகிற இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் துரு தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாராவது பானட்டைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. எந்த மாப்பிள்ளை வீட்டான் மாலையோடு வந்து பானட்டைத் திறந்து பார்ப்பான்? பட்டையைக் கழற்றி, அந்த இடத்தில் அழகாக, இரண்டு கோட்டிங், பளபளவென்று கறுப்பு அடித்து, டேபிள் ஃபேனை வைத்துக் காய வைத்து, போல்ட்டுக்கும் ஒரு பூச்சுப் பூசி, திரும்ப மாட்டி, தள்ளி நின்று பார்த்து ரசித்தேன். பெயிண்ட் வழியாகக் கரண்டு போகாது என்பது ஐ.டி.ஐ. பையனுக்குத் தெரியும். பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அதற்காக எதை வேண்டுமானாலும் அடைத்துவிடுவேன், இது என் பிறவிக் குணம். எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜம்ப் ஒயரை எடுத்து எஞ்சின் உடம்பிலிருந்து நேராக பேட்டரிக்குப் போட்டுச் சாவியைத் தொட்டேன். சுற்றியது. அப்பா, என்ன சத்தம் அது. சரி, கண்டாகிவிட்டது, இனி நிரந்தரமாகச் செய்ய வேண்டும். பட்டையைக் கழற்றினேன், சமையலறைக் கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன், காலையில் ரசித்து ரசித்துப் பூசியதெல்லாம் சுருள் சுருளாக வந்தது, உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். போல்ட்டையும் தேய்த்தேன். அசிங்கமாக இருந்தது. இருக்கட்டும். இறுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மணி மூன்று முப்பத்தைந்து. சாவி. டக் கூட இல்லை, நேராக உறுமல், ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை, தகரம் அதிர்ந்தது. அணைத்தேன், எடுத்தேன். அணைத்தேன், எடுத்தேன். ஆறு தடவை. ஆறு தடவையும் முதல் திருப்பு. ஓடவிட்டுவிட்டு இறங்கி நின்று பார்த்தேன். கை கழுவி, அலமாரியில் இருக்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சகாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது. திறந்த வண்டியில் எல்லாரும் மாப்பிள்ளையைத்தான் பார்ப்பார்கள், டிரைவர் முகத்தை யார் பார்ப்பது? மண்டபத்து வாசலில் அவள் நிற்க மாட்டாள், பெண் உள்ளேதான் இருப்பாள், ஆனால் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பாள், எல்லாப் பெண்ணும் பார்க்கும். வண்டி வருகிறதைப் பார்ப்பாள். அது போதும் எனக்கு. அவள் அதைப் பார்த்துவிட்டால் போதும், நான் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன், சாப்பிடக்கூட வேண்டாம். போன் அடித்தது. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு எடுத்தேன்.

"அப்பா, வண்டி எடுக்கலதானே?" என்றாள் மித்ரா.

ஹலோ இல்லை, ஒன்றுமில்லை. மூச்சு வாங்கியது அவளுக்கு, பின்னால் நாதஸ்வரம் சுருதி பார்க்கிற சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மடமடவென்று சொல்லிக்கொண்டு போனாள். "பரவால்லப்பா, எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. மாமா நேத்தே வேற வண்டி சொல்லிட்டாங்க. பூவெல்லாம் கட்டியாச்சு, கோயில்ல வந்து நிக்குது. அவரோட அக்கா புள்ளைங்க ஏறி உக்காந்துக்கிட்டு எறங்கவே மாட்டேங்குதுங்க. எனக்குத்தான் மத்தியானத்துலேர்ந்து ஒரே பயம், அப்பா வண்டியும் வந்துட்டா என்ன பண்றது, மாமாவ என்ன சொல்றது, அப்பாவ எப்படித் திருப்பி அனுப்புறதுன்னு. அம்மாதான், வராதுடீ, நீ பயப்படாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"அப்ப எதுக்கும்மா என்கிட்ட கேட்ட?" என்றேன். கேட்டிருக்கக்கூடாது, வந்துவிட்டது.

"கேக்கலேன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான்பா" என்றாள். குரல் தழைந்து, அன்பாகத்தான் சொன்னாள். அதில் குத்தல் எதுவும் இல்லை, குத்தலாக இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். "அப்பா? எடுக்கலதானே?" என்றாள் மறுபடி. அந்தத் 'தானே'யில் ஒரு நடுக்கம். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக என்னிடமிருந்து அவளுக்கு ஒன்று தேவைப்பட்டது, அது என்னிடம் தாராளமாக இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "மத்தியானத்துலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"என்னப்பா ரிப்பேர்?"

"செல்ஃப் மோட்டார்தான். உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழம, கடையும் இல்ல." கோர்வையாக, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. முன்னால் நின்ற வண்டியிலிருந்து சூடு முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் மூச்சை விட்டாள். அப்புறம் சிரித்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிரித்த சிரிப்பு, நிம்மதியான சிரிப்பு. "போங்கப்பா நீங்களும் உங்க வண்டியும். வெயில்ல கெடந்து அல்லாடாதீங்க, சாப்பிட்டுப் படுங்க" என்றாள். கேட்டுக்கு வெளியே சகாயம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார், வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார். போனை அவள் இன்னும் அணைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் யாரிடமோ பேசினாள்.

"வரலையாம், அம்மா. நல்லவேள."